ஹைட்ராக்சிகுளோரோகுயின் விழித்திரைப் பரிசோதனை

ஹைட்ராக்சிகுளோரோகுயின் விழித்திரைப் பரிசோதனை என்பது, லூபஸ், முடக்குவாதம் போன்ற நாள்பட்ட தன்னெதிர்ப்பு நோய்களுக்காக ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மாத்திரையை நீண்டகாலம் உட்கொள்வோருக்குக் குறிப்பிட்ட இடைவெளிகளில் செய்யப்படும் கண் பரிசோதனை ஆகும். இம்மருந்து சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் விழித்திரையைப் பாதிக்கக்கூடும். அப்பாதிப்பு ஏற்பட்டபின் அதைச் சரிசெய்யும் சிகிச்சை இல்லை. ஆனால் பார்வையில் எந்தக் குறையும் தெரியாத தொடக்க நிலையிலேயே அதைக் கண்டறிய இயலும்.

இப்பரிசோதனை மூக்குக்கண்ணாடிக்காகச் செய்யப்படும் வழக்கமான பரிசோதனையிலிருந்து வேறுபட்டது. சுவரில் உள்ள எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தெளிவாகப் படிக்கக்கூடியவருக்கும் இப்பாதிப்பு தொடங்கியிருக்கலாம். எனவே, "கண் நன்றாகத்தான் தெரிகிறது" என்பது இப்பரிசோதனையைத் தவிர்ப்பதற்கான காரணம் ஆகாது.

மருந்தின் பின்னணி

ஹைட்ராக்சிகுளோரோகுயின், மலேரியா மருந்தான குளோரோகுயினின் நெருங்கிய உறவு மருந்து. குளோரோகுயின் 1934இல் செருமனியில் உருவாக்கப்பட்டது. அதைவிட நச்சுத்தன்மை குறைந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் 1955இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றது. மலேரியாவுக்காக வந்த இம்மருந்து, காலப்போக்கில் தன்னெதிர்ப்பு நோய்களில் கூடுதலாகப் பயன்படத் தொடங்கியது. 2020ஆம் ஆண்டின் கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இது உலகெங்கும் பேசப்பட்டது. அப்போது பல இடங்களில் ஏற்பட்ட தட்டுப்பாட்டால், இதை அன்றாடம் நம்பியிருந்த லூபஸ் நோயாளிகள் சிரமப்பட்டனர். அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்திய அரசு இதன் சில்லறை விற்பனையைக் கட்டுப்படுத்தியது. கோவிட் நோய்க்கு இதனால் பயனில்லை என்பது பின்னர் தெளிவானது.

தன்னெதிர்ப்பு நோய்களில், உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தத் திசுக்களையே தாக்குகிறது. லூபஸ் நோயில் தோல், மூட்டுகள், சிறுநீரகம், இரத்தம், மூளை என எவ்வுறுப்பும் பாதிக்கப்படலாம். இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 10இல் 9 பேர் பெண்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் நோய் மீண்டும் தீவிரமடைவதைக் குறைக்கிறது. கனடிய ஆய்வுக்குழு ஒன்று 1991இல் வெளியிட்ட ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்த லூபஸ் நோயாளிகளில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு, தொடர்ந்தவர்களைவிட 2.5 மடங்கு கூடுதலாக நோய் மீண்டும் தலைதூக்கியது. கருவுற்றிருக்கும் லூபஸ் நோயாளிகளும் இதைத் தொடர வேண்டும் என்று அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி 2020இல் பரிந்துரைத்தது.

கண் பரிசோதனையின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவை. சிறுநீரகத்தையும் உயிரையும் காக்கும் மருந்தைப் பயத்தால் நிறுத்திவிடாமல், பார்வையையும் இழக்காமல், பல ஆண்டுகள் பாதுகாப்பாகத் தொடர வழிசெய்வதே அந்நோக்கம்.

விழித்திரையில் நிகழ்வது

விழித்திரை என்பது கண்ணின் உட்புறப் பின்சுவரில் உள்ள, ஒளியை உணரும் மெல்லிய படலம். அதன் நடுப்பகுதி மாகுலா எனப்படும். படிப்பதற்கும், ஊசியில் நூல் கோப்பதற்கும், முகங்களை அடையாளம் காண்பதற்கும் உதவுவது இப்பகுதியே. ஒளி உணர் செல்களுக்கு அடியில், அவற்றுக்கு ஊட்டமளித்துக் கழிவை அகற்றும் நிறமி அடுக்கு ஒன்று உள்ளது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மெலனின் நிறமியுடன் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. எனவே இந்த அடுக்கில் அது நெடுநாள் தங்குகிறது. நச்சுத்தன்மை ஏற்படும் முறை முழுமையாக விளங்கவில்லை எனினும், ஒளி உணர் செல்களும் நிறமி அடுக்கும் படிப்படியாகச் சிதைவடைகின்றன.

பொதுவான வடிவத்தில் இச்சிதைவு மாகுலாவின் மையப்புள்ளியை விட்டுவிட்டு, அதைச் சுற்றி வளையம்போல் தொடங்குகிறது. எழுத்துப் பலகையைப் படிக்கப் பயன்படுவது மையப்புள்ளி என்பதால் பார்வைக் கூர்மை 6/6 ஆகவே இருக்கும். சிதைவு முற்றும்போது, நடுவே ஒரு திட்டும் சுற்றிலும் வெளிறிய வளையமுமாக, அம்பெறியும் இலக்குப் பலகை போன்ற தோற்றம் விழித்திரையில் தென்படும். முன்பு நோயைக் கண்டறிய இத்தோற்றமே அடையாளமாகக் கொள்ளப்பட்டது. இன்று இது காலம் கடந்த நிலையாகவே கருதப்படுகிறது. குளோரோகுயினால் விழித்திரை பாதிக்கப்படுவது 1950களின் இறுதியிலேயே மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டது.

மருந்தை நிறுத்தினாலும் அது உடலிலிருந்து முழுமையாக நீங்கப் பல மாதங்கள் ஆகும். முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்களுக்கு, நிறுத்தியபின்னும் பார்வை இழப்பு தொடரலாம். தொடக்க நிலையில் கண்டறிந்து நிறுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் பாதிப்பு அதே அளவில் நின்றுவிடுகிறது. இருவருக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை உண்டாக்குவது உரிய நேரத்தில் செய்யப்படும் பரிசோதனையே.

ஆபத்தின் அளவு

அமெரிக்காவில் 5 ஆண்டுகளுக்கு மேல் இம்மருந்தை எடுத்துக்கொண்ட 2,361 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2014இல் வெளியானது. அவர்களில் 7.5 சதவீதத்தினருக்கு விழித்திரைப் பாதிப்பு காணப்பட்டது. ஆனால் ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. பரிந்துரைக்கப்பட்ட அளவில் மருந்தை எடுப்பவர்களுக்கு முதல் 5 ஆண்டுகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. 10 ஆண்டுகள் வரை 2 சதவீதத்துக்கும் குறைவு. 20 ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ 20 சதவீதம். 20 ஆண்டுகள் கடந்தும் பாதிப்பு இல்லாதவருக்கு, அடுத்த ஓராண்டில் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம்.

ஆபத்தைக் கூட்டும் முக்கியக் காரணிகள்:

- நாள் அளவு: உடலின் உண்மையான எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டுவது.
- கால அளவு: 5 ஆண்டுகளுக்கு மேல் தொடர்வது.
- சிறுநீரகக் குறைபாடு: மருந்தின் ஒரு பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், அதன் செயல்பாடு குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடும். மேற்கண்ட ஆய்வில் இவர்களுக்கு ஆபத்து சுமார் இருமடங்கு.
- தமாக்சிஃபென்: மார்பகப் புற்றுநோய்க்கான இம்மருந்தையும் சேர்த்து எடுப்போருக்கு ஆபத்து பல மடங்கு கூடுகிறது.
- ஏற்கெனவே உள்ள மாகுலா நோய்: இது ஆபத்தைக் கூட்டலாம், பரிசோதனை முடிவுகளைப் பிரித்தறிவதையும் கடினமாக்கும்.

எடையும் மாத்திரை அளவும்

அளவைக் கணக்கிடுவது எளிது. உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து 5ஆல் பெருக்கினால் வருவதே ஒரு நாளைக்கான உச்ச அளவு. 40 கிலோ உள்ளவருக்கு 200 மில்லிகிராம்; 50 கிலோ உள்ளவருக்கு 250; 60 கிலோ உள்ளவருக்கு 300; 80 கிலோ உள்ளவருக்கு 400.

நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் என்பது பரவலாக எழுதப்படும் அளவு. ஆனால் 50 கிலோ எடையுள்ள ஒருவர் அதை எடுத்தால் கிலோவுக்கு 8 மில்லிகிராம் ஆகிறது. உடல் மெலிந்தவர்கள் பலர் உள்ள நாடுகளில் இது கவனிக்க வேண்டிய செய்தி. மருந்து உடலில் நீண்டநாள் தங்குவதால் நாள்கணக்கைவிட வாரச் சராசரியே முக்கியம். எனவே 60 கிலோ உள்ளவருக்கு ஒருநாள் 200, மறுநாள் 400 என மாற்றி மாற்றி எழுதுவதும் உண்டு. அதன் சராசரி 300. நோயின் தீவிரத்தால் எடை குறைந்தவருக்குப் பழைய சீட்டின் அளவு பொருந்தாமல் போகலாம்.

அளவு தேவைக்கும் கீழே குறைந்தால் நோய் மீண்டும் தலைதூக்கும் அபாயம் உண்டு. எனவே கணக்கு பொருந்தவில்லை என்று தோன்றினால் நோயாளி தாமாகவே மாத்திரையைக் குறைப்பது முறையன்று. மருந்தை எழுதிய மருத்துவரிடம் எடையைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எப்போது செய்ய வேண்டும்

அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, மருந்து தொடங்கிய முதல் ஓராண்டுக்குள் அடிப்படைப் பரிசோதனை ஒன்று செய்யப்பட வேண்டும். மாகுலாவில் ஏற்கெனவே நோய் உள்ளதா என்று அறிவதும், பிற்காலத்தில் ஒப்பிடுவதற்கான பதிவை உருவாக்குவதும் இதன் பயன். ஆபத்துக் காரணிகள் எதுவும் இல்லாதவர்களுக்கு 5 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதனை போதுமானது. சிறுநீரகக் குறைபாடு, தமாக்சிஃபென், கூடுதல் அளவு போன்றவை இருந்தால் ஆண்டுப் பரிசோதனையை அதற்கு முன்பே தொடங்க வேண்டும். பிரிட்டனின் கண் மருத்துவர்கள் கல்லூரியும் 5 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது.

பரிசோதனை முறைகள்

ஒரு முறையை மட்டும் நம்பாமல், நோயாளியின் பார்வை உணர்வை அளக்கும் ஒன்றும் விழித்திரையின் அமைப்பைப் படமெடுக்கும் ஒன்றும் சேர்த்துச் செய்யப்படுகின்றன.

பார்வைப் புலப் பரிசோதனை: நோயாளி கிண்ணம் போன்ற கருவியின்முன் தாடையை வைத்து, நடுவிலுள்ள விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டும். சுற்றிலும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு பிரகாசத்தில் சிறு ஒளிப்புள்ளிகள் தோன்றி மறையும். புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணொன்றுக்குச் சில நிமிடங்கள் ஆகும். எந்த இடத்தில் ஒளியுணர்வு குறைந்துள்ளது என்பது வரைபடமாகக் கிடைக்கும். பார்வைக்கே புலனாகாத மிக மங்கலான புள்ளிகளையும் கருவி இடையிடையே காட்டும். எனவே பல புள்ளிகளைத் தவறவிட்டதாகத் தோன்றுவது இயல்பு.

ஓ.சி.டி. படம்: ஒளிக்கற்றையைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் முறை இது. வலியில்லை, கதிர்வீச்சு அபாயம் இல்லை, சில நிமிடங்களில் முடியும். ஒளி உணர் செல்களின் அடுக்கு எங்கு மெலிந்துள்ளது அல்லது அறுந்துள்ளது என்பதை இது காட்டும்.

தன்னொளிர்வுப் படம்: விழித்திரையின் நிறமி அடுக்கு இயல்பாக உமிழும் மங்கலான ஒளியைப் பதிவுசெய்யும் படம். நோயுற்ற பகுதிகள் கூடுதல் வெளிச்சமாகவோ கருமையாகவோ தென்படும்.

பல்புள்ளி விழித்திரை மின்பதிவு: விழித்திரையின் பல இடங்களிலிருந்து எழும் மின்சைகைகளை அளப்பது. பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே கிடைக்கும். மற்றவற்றில் ஐயம் எழும்போது உதவும்.

எழுத்துப் பலகை, நிறக்குருடு அட்டை, கட்டம் வரைந்த தாள், டார்ச் ஒளியில் விழித்திரையைப் பார்ப்பது ஆகியவை தனியாக இதற்குப் போதுமானவை அல்ல. "கண் காட்டிவிட்டேன்" என்று நம்பும் ஒருவருக்கு உண்மையில் கண்ணாடிப் பரிசோதனை மட்டுமே நடந்திருக்கக்கூடும். இப்பரிசோதனையில் அடிக்கடி நேரும் தவறு இதுவே.

ஆசிய வம்சாவளியினரில் உள்ள வேறுபாடு

பாதிப்பு எல்லோருக்கும் மாகுலாவின் மையத்தைச் சுற்றியே தொடங்குவதில்லை. 2015இல் வெளியான ஆய்வொன்றில், விழித்திரை பாதிக்கப்பட்ட ஆசிய வம்சாவளியினரில் பாதிப் பேருக்குச் சிதைவு மையத்திலிருந்து விலகி, வெளிப்புறத்தில் மட்டும் காணப்பட்டது. ஐரோப்பிய வம்சாவளியினரில் இவ்வடிவம் 2 சதவீதமே. மையத்தின் 10 பாகைகளை மட்டும் சோதிக்கும் பார்வைப் புல முறையில் இந்த வெளிப்புறச் சிதைவு தப்பிவிடலாம். எனவே ஆசியர்களுக்கு 24 அல்லது 30 பாகை வரை சோதிக்கும் அகன்ற முறையும், ஓ.சி.டி. படத்தில் மாகுலாவுக்கு வெளியேயுள்ள பகுதிகளும் சேர்க்கப்பட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை குறிப்பிடுகிறது.

பரிசோதனை நாளில்

கண் மருத்துவமனையின் பதிவு மேசையிலேயே, "ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுக்கிறேன், அதற்கான விழித்திரைப் பரிசோதனை வேண்டும்" என்று கூறுவது நல்லது. மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை: எந்த நோய்க்காக மருந்து, எந்த ஆண்டு தொடங்கியது, தற்போதைய அளவு, இன்றைய உடல் எடை, அண்மைய கிரியாட்டினின் முடிவு, எடுத்துக்கொள்ளும் பிற மருந்துகள். முந்தைய ஆண்டுகளின் படங்களையும் வரைபடங்களையும் கொண்டுசெல்ல வேண்டும். பாதிப்பின் தொடக்கம் தனிப்படத்தில் தெரியாமல், பழைய படத்துடன் ஒப்பிடும்போது மட்டும் தெரிவதுண்டு.

கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடப்பட்டால் சில மணி நேரம் அருகிலுள்ள எழுத்துகள் மங்கும், வெயில் கூசும். அன்று வண்டி ஓட்டாமல், துணைக்கு ஒருவருடன் செல்வதும் குளிர்கண்ணாடி எடுத்துச் செல்வதும் உதவும்.

தன்னெதிர்ப்பு நோயே பரிசோதனைக்கு இடையூறாவதும் உண்டு. முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கியவருக்குப் பொத்தானை உடனுக்குடன் அழுத்துவது கடினம். கழுத்து வலி உள்ளவரால் தாடைத் தாங்கியில் நெடுநேரம் அசையாதிருக்க இயலாது. சோக்ரன் நோயால் கண் உலர்ந்தவருக்குப் பார்வை இடையிடையே மங்கும். களைப்பும் லூபஸ் நோயின் ஓர் அறிகுறி. இவற்றை முன்கூட்டியே சொன்னால், கருவியின் உயரத்தைச் சரிசெய்யவும், இடையில் நிறுத்தி ஓய்வு தரவும், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விடவும் முடியும். சொல்லாவிட்டால் இல்லாத குறை ஒன்று வரைபடத்தில் பதிவாகலாம்.

முடிவும் மருந்தை நிறுத்துவதும்

ஒரே ஒரு பார்வைப் புல வரைபடத்தில் சில புள்ளிகள் குறைவாக வந்தால் அது பாதிப்புக்கான உறுதியான சான்று ஆகாது. முதன்முறை செய்பவர்களுக்குப் பழக்கமின்மையால் பிழைகள் வரும். பரிசோதனையை மீண்டும் செய்து, ஓ.சி.டி. போன்ற வேறொரு முறையும் அதே இடத்தில் குறையைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் மூட்டுவாதவியல், தோல் மருத்துவம், கண் மருத்துவம் ஆகிய துறைகளின் அமைப்புகள் 2021இல் வெளியிட்ட கூட்டறிக்கை இதை வலியுறுத்துகிறது. உறுதிப்படாத, எல்லைக்கோட்டில் உள்ள முடிவுகளைக் கண்டு மருந்தை அவசரமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தும் முடிவைக் கண் மருத்துவரும் மருந்தை எழுதிய மருத்துவரும் நோயாளியுடன் கலந்து எடுக்க வேண்டும். தேவையின்றி நிறுத்தினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். தேவையானபோது நிறுத்தாவிட்டால் பார்வை போகலாம். இரண்டு தவறுகளுக்கும் விலை உண்டு.

கார்னியா எனப்படும் கண்ணின் முன்புறப் படலத்திலும் மருந்துப் படிவுகள் தோன்றலாம். இது குளோரோகுயினில் கூடுதல். இப்படிவுகள் விழித்திரைப் பாதிப்பிலிருந்து வேறானவை. மருந்தை நிறுத்தினால் மறையக்கூடியவை.

அதே வருகையில் கவனிக்க வேண்டியவை

தன்னெதிர்ப்பு நோயாளிகள் பலர் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளையும் எடுப்பதுண்டு. இவை கண்புரையையும், கிளாக்கோமாவுக்கு இட்டுச்செல்லும் கண் அழுத்த உயர்வையும் உண்டாக்கலாம். கண் அழுத்தம் உயர்வது வலியின்றி நிகழும், அளந்தால்தான் தெரியும். எனவே அதே நாளில் கண் அழுத்தம் அளப்பதும், பிளவு விளக்கின் மூலம் கண் வில்லையைப் பார்ப்பதும் பயனுள்ளவை. கண் உலர்ச்சி இருந்தால், கீழிமையில் சிறு வடிதாளை 5 நிமிடம் வைத்து அது எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்க்கும் ஷிர்மர் சோதனை செய்யப்படும். 5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ நனைந்தால் கண்ணீர்ச் சுரப்பு குறைந்துள்ளதாகக் கொள்ளப்படும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்காணும் அறிகுறிகள் தோன்றினால் அடுத்த ஆண்டுப் பரிசோதனை வரை காத்திருக்கக் கூடாது:

- படிக்கும்போது சொல்லின் நடுவே சில எழுத்துகள் விடுபடுவது
- பார்வையின் நடுவிலோ அதையொட்டியோ கரும்புள்ளி அல்லது மங்கல் திட்டு
- இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கோ வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கோ வந்தபின் பார்வை தெளிய வழக்கத்தைவிட நேரமாவது
- வலியுடன் கண் சிவத்தல், ஒளியைக் கண்டால் கூசுதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் ஆழ்ந்த கண்வலி
- திடீரெனப் பார்வை மங்குதல்

வலியும் சிவப்பும் பெரும்பாலும் மருந்தின் விளைவல்ல. முடக்குவாதத்தில் விழியின் வெண்சுவரும், முதுகெலும்பு வாதத்தில் கண்ணின் உட்படலமும் அழற்சியுறுவதாலும் அவை வரலாம். இவ்வழற்சிகளுக்கு உடனடிச் சிகிச்சை தேவை.

மருந்தால் ஏற்படும் விழித்திரைப் பாதிப்பு இவற்றைப்போல் வலியாலோ சிவப்பாலோ தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. முதல் மூன்று அறிகுறிகள் தெரியவரும்போது அது ஓரளவு முன்னேறியிருக்கக்கூடும். பார்வை நன்றாக இருக்கும் காலத்திலேயே ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று கூறப்படுவது இதனால்தான்.